இன்னும் மூன்று சவரம்

போன வருஷம் ஏழு மாதம் என் முகம் எனக்குச் சொந்தமாக இல்லை. இடது கன்னத்தை ஒரு பிளேடுக்கும் வலது கன்னத்தை இன்னொரு பிளேடுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

நான் லிப்ட் மெக்கானிக். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், தாடி அதற்குச் சற்றுக் கீழே. இரண்டுமே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். காலையில் மழித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கன்னம் கறுத்துப் போகும். அக்கா எனக்குச் சின்ன வயதில் வைத்த பெயர் கரடி. இப்போது எனக்கு நாற்பத்தேழு. இன்றைக்கும் அவள் வேலை செய்கிற தபால் ஆபீஸ் கவுன்டருக்குப் போனால், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் 'கரடி, சாப்பிட்டியா' என்றுதான் கேட்பாள்.

அத்தான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பிரேமுக்குள் லென்ஸ் உட்காரும்படி ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருவது அவர் தொழில். முப்பது வருஷம் ஓரத்தையே பார்த்தவருக்கு ஓரம் உள்ள எல்லாவற்றின் மேலும் ஒரு காதல் வந்துவிட்டது. பழைய சாமான் கடையில் ஒருநாள் ஒரு ரேசரைக் கண்டார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. மேல்பூச்சு தேய்ந்து உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரியும். அடியில் இருக்கிற குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும். பிளேடைப் படுக்க வைத்து மறுபடி திருகினால் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். நான் பார்க்கிற லிப்ட் கதவெல்லாம் இப்படி மூடினால் எனக்குச் சோறு கிடைக்காது.

ரேசர் ஒன்றுதான். பிளேடுகள்தான் ஊர்ப்பட்டவை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதை அவர் தொட மாட்டார். மூடிப்போன கடையின் அலமாரியிலிருந்து வந்தது, யாரோ தாத்தா செத்த வீட்டு மேஜையில் கிடந்தது, கடல் தாண்டித் தபாலில் வந்தது என்று தேடித் தேடிச் சேர்ப்பார். பெயர் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் உறையில் உள்ள படத்தைப் பெயராக வைத்துவிடுவார். குடை, இரட்டை மீன், படகு. எல்லாம் பழைய கண்ணாடிக் கூடுகளில் பத்திரமாக இருக்கும். அந்த வீட்டில் மூக்குக் கண்ணாடி வேண்டுமென்று எந்தக் கூட்டைத் திறந்தாலும் பிளேடுதான் இருக்கும். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்துவிட்டாலோ அதைவிடப் பெரிய பிளேடு உலகத்தில் கிடையாது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பிளேடுக்கு ஐந்து சவரம். ஒவ்வொரு தடவையும் மழித்து முடித்ததும் பிளேடைத் துடைத்து அதன் காகிதத்தில் மடித்து, பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு விழுந்தால், ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பாவுக்குள் அது போய்விடும். ஆறாவது தடவை வெட்டினால் தப்பு பிளேடுடையது இல்லை, நம் பேராசையுடையது என்பார்.

இப்படி ஒருநாள் காலையில் படகுப் பிளேடால் மழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிளேடுக்கு அது இரண்டாவது சவரம். இடது தாடைக்குக் கீழே, போன வாரம் சமதளமாக இருந்த இடத்தில், ரேசர் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. திரும்ப ஓட்டினார், திரும்பவும் ஏறி இறங்கியது. லென்ஸில் முடியளவு மேடு இருந்தாலும் விரலில் கண்டுபிடிக்கிற மனிதர். முகத்தைக் கழுவி, பிளேடைத் துடைத்து, காகிதத்தில் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டார். அடுத்த நாள் ஆஸ்பத்திரி. அடுத்த வாரம் கட்டிக்குப் பெயர் வைத்தார்கள். நல்ல பெயர் இல்லை. ஆறு சுற்று மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததால் நம்பிக்கை இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அந்தப் பிளேடை அத்தான் தனியாக ஒரு பழுப்பு நிறக் கூட்டில் வைத்துவிட்டார். "இதுல இன்னும் மூணு சவரம் இருக்கு. திரும்பி வந்து எடுத்துக்குறேன்" என்றார். பயணம் போகிறவர் சாவியை யாரிடமாவது கொடுப்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால்தான் கேட்க முடியவில்லை. லிப்ட் ரூம் ஞாபகம் வந்தவன் போல எழுந்து போய்விட்டேன்.

முதல் சுற்று முடிந்து பதினைந்தாவது நாள் தலைமுடி போயிற்று. தாடியும் நின்றுவிட்டது. கன்னம் குழந்தைக் கன்னமாக ஆகிவிட்டது. ஆனால் அவர் முன்பே சொல்லி வைத்திருந்த பிளேடுப் பொட்டலங்கள் மட்டும் நிற்கவில்லை. அக்காவே அவற்றுக்குத் தபால் ஆபீஸில் முத்திரை குத்தி, அவளே வீட்டுக்கும் எடுத்து வருவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "காலையிலேர்ந்து பிளேடெல்லாம் பரப்பி வச்சுட்டு அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கார்டா. ஒரு வார்த்தை பேசலை. எனக்குப் பயமா இருக்கு."

நான் எட்டாவது மாடியில் திறந்து கிடந்த மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும். போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் மேஜையில் இருபது முப்பது பிளேடுகள் உறையோடு வரிசையாக இருந்தன. அத்தான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தார்.

"மச்சான், உன் தாடி சும்மாதான இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்கு ஆரம்பித்தது.

புதனும் ஞாயிறும் காலை ஏழு மணிக்கு நான் அவர்கள் குளியலறையில் ஆஜராக வேண்டும். அதற்குள் அக்கா ரேசரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருப்பாள். அத்தான் மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அவர் எதையும் தொடக்கூடாது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சட்டம் மட்டும் பேசுவார். இடது கன்னத்தை ஒரு பிளேடில் மழித்து, கழற்றி, இன்னொன்றை மாட்டி வலது கன்னம். பிறகு அக்கா வருவாள். எந்தப் பக்கம் எந்தப் பிளேடு என்று அவளுக்குச் சொல்லக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் என் கன்னங்களைத் தடவிப் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் சொல்வாள். அத்தான் நோட்டில் எழுதுவார்.

என் கன்னம் அனுபவித்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த பிளேடு ஒன்று இருந்தது. எந்தப் பக்கம் என்று உறையில் எழுதியிருந்தது, அந்த உறை எலி கடித்தது. தையல்காரர்கள் நூல் பிரிப்பதற்கென்று செய்த பிளேடு ஒன்று. அது நூல் பிரிக்கிற மாதிரியேதான் என் தாடியையும் ஒவ்வொரு மயிராகப் பிரித்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டுகிற பிளேடை அளவாக உடைத்து மாட்டச் சொன்னார். நான் கத்தியதில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அத்தான் நிதானமாக நோட்டில் எழுதினார்: 'பெயின்ட் பிளேடு. இரண்டு மார்க். மச்சானிடம் பொறுமை இல்லை.' பொறுமை இல்லையாம். படிகாரக் கல்லை எடுத்து என் தாடையில் தேய்த்துக்கொண்டே அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் சிரித்தார். மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்படியில் அக்கா சத்தம் போடாமல் அழுதது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எந்தப் பிளேடுக்கும் நான் மறுப்புச் சொன்னதில்லை. திட்டியது உண்டு, மறுத்தது இல்லை. நான் வேலை பார்க்கிற கட்டடத்து வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் சண்டையா, பூனையா என்று கேட்டார். பூனைதான், ஒரே பூனை, அக்கா வீட்டுப் பூனை என்றேன்.

ஐந்தாவது சுற்று அவரை அடித்துப் போட்டுவிட்டது. வாசலில் ஸ்டூல் காலியாக இருந்தது. அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். மழிக்கிற சத்தம் கேட்டால் போதும் என்றார். அந்தப் புதன்கிழமை இரண்டு கன்னத்துக்கும் ஒரே பிளேடுதான். வார்டு நர்ஸ் ஒருவர், ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் தோலை மழிக்க வைத்திருக்கிற பிளேடு என்று ஒன்றைக் கொடுத்திருந்தார். "கறுப்புக் கூட்டுல இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பாதிக் குரல்தான் வந்தது.

எனக்கோ முகமெல்லாம் நுரை. படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று போன். இழுப்பறையில் கையை விட்டுக் கூட்டை எடுத்தேன், காகிதத்தைப் பிரித்தேன், மாட்டினேன், மழித்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த ஏழு மாதத்தில் அப்படி ஒரு சவரம் வாய்க்கவில்லை. கன்னத்தில் ஏதாவது ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. "அருமை அத்தான், ஆஸ்பத்திரி பிளேடுன்னா ஆஸ்பத்திரி பிளேடுதான்" என்று கத்தினேன். ஒரு தடவைக்குத்தான் அது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் டப்பாவில் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா வாசலிலேயே என் கன்னத்தைத் தொட்டு ஒன்பது மார்க் போட்டாள். அத்தான் படுத்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கையில் இரண்டு கூடுகள் இருந்தன. கறுப்புக் கூட்டைத் திறந்தாள். ஆஸ்பத்திரி பிளேடு பிரிக்காமல் அப்படியே இருந்தது. பழுப்புக் கூட்டைத் திறந்தாள். காகிதம் மட்டும் இருந்தது. அதில் பென்சிலில் இரண்டு கோடு.

 டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து செய்தித்தாளில் கொட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். படகு முத்திரை குத்தியவை மட்டும் ஒன்பது இருந்தன. எல்லாமே ஒரே மாதிரி. அவர் எண்ணி வைத்திருந்தது எது என்று யாருக்குத் தெரியும்?

நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைக்கிறவன். ஆனால் அன்றைக்கு அந்தச் செய்தித்தாளின் முன்னால் உட்கார்ந்து, ஒரு மனிதன் திரும்பி வருவதற்கு வைத்திருந்த காரணத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இனி அவருக்குத் தாடி முளைக்கவில்லை என்றால் அது என்னால்தான் என்று உறுதியாக நம்பினேன்.

சொல்லிவிடு என்றாள் அக்கா. இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்றேன்.  அவள் போய்ப் படகுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அதிலிருந்து புதுப் பிளேடு ஒன்றை எடுத்தாள். அதன் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, இரண்டு கோடு போட்ட காகிதத்தில் அதை மடித்தாள். வாழ்நாளெல்லாம் தேதி முத்திரை ஒருநாள் மாறாமல் குத்தியவள்.  "முளைக்கட்டும். அப்புறம் நீயே சொல்லணும்" என்றாள்.

ஆறாவது சுற்றும் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் நிம்மதி முழுதாக வரவில்லை. அவர் கன்னம் இன்னும் மொழுமொழுவென்று இருந்தது. ஒவ்வொரு புதனும் ஞாயிறும் என் முகத்தை மழித்துக்கொண்டே அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று. முகவாயில் ஒரு புள்ளி தெரிந்தால் அது மச்சமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை அக்கா வழக்கம்போல என் கன்னங்களைத் தடவிவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி ஸ்டூலில் இருந்தவர் கன்னத்தையும் தடவினாள். விளையாட்டுக்குத்தான் செய்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. "இந்தக் கன்னத்துக்கு மார்க் கிடையாது. சொரசொரன்னு இருக்கு" என்றாள். அத்தான் தன் கையால் தொட்டுப் பார்த்தார். இடது தாடையில், மீசையோரத்தில், எல்லாம் வெள்ளை வெளேரென்று. அவர் உடனே மழிக்கவில்லை. முகம் முழுக்க வரட்டும் என்று இன்னும் பதினெட்டு நாள் காத்திருந்தார். அந்தப் பதினெட்டு நாளும் நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு ஸ்டூலில் நான், கண்ணாடி முன்னால் அவர். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. பழுப்புக் கூட்டை எடுத்துக் கொடு என்றார். கொடுத்தேன். காகிதத்தில் இரண்டு கோட்டைப் பார்த்தார், பிரித்தார், குமிழைத் திருகினார். கதவு திறந்து மூடியது. நுரை போட்டு முடித்து, காதோரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ரேசர் நின்றது.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

 திரும்ப மழிக்க ஆரம்பித்தார். வலது கன்னம், முகவாய், இடது கன்னம். கடைசியில் இடது தாடைக்குக் கீழே வந்தார். முகத்தை நிமிர்த்தி அந்த இடத்தில் மெதுவாக ஓட்டினார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இன்னொரு தடவை ஓட்டினார். சமதளம்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவிடம் கன்னத்தைக் காட்டினார். அவள் கண்ணை மூட மறந்துவிட்டாள். மார்க்கும் சொல்லவில்லை. புறங்கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அத்தான், அந்தப் பிளேடு இல்ல இது" என்றேன்.

"தெரியும். ரெண்டு தடவை ஓடின பிளேடு இப்படிக் கடிக்காது, புதுசுதான் கடிக்கும்" என்றார். ஓர் ஓரத்துக்கும் இன்னோர் ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அவர் முப்பது வருஷம் என்ன தேய்த்தார்? பிளேடைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஆஸ்பத்திரி பிளேடுன்னு ஒன்பது மார்க் வாங்கினியே, அதுவா?"

ஆமாம் என்றேன். கண்ணாடி போடவில்லை, போன் வந்துவிட்டது, உங்கள் குரலே அன்றைக்குச் சரியில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வராது. அதனால் நடுநடுவே, இந்த வீட்டில் எல்லாக் கூடும் ஒரே மாதிரி இருந்தால் மனிதன் என்ன செய்வான் என்று அவரையே திட்டினேன். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பவே சந்தேகம்தான். ஆஸ்பத்திரி பிளேடு அவ்வளவு நல்லா இருக்க முடியாதே" என்றார்.

நோட்டை எடுத்துவரச் சொன்னார். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். 'ஆஸ்பத்திரி பிளேடு' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 'படகு, மூன்றாவது சவரம், மச்சான் முகம்' என்று எழுதினார். பென்சிலை நிறுத்திக்கொண்டு, "வெட்டு ஏதாவது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஓடினதே தெரியவில்லை என்றேன். அதையும் எழுதினார்.

பிறகு இன்றைய பிளேடைப் பழைய காகிதத்தில் மடித்தார். மூன்றாவது கோடு போடப் போகிறார் என்று பார்த்தேன். அவர் பென்சிலைத் திருப்பி, பின்பக்கத்து ரப்பரால் அந்த இரண்டு கோட்டையும் அழித்தார். நன்றாக ஊதிவிட்டு, புதிதாக ஒரு கோடு போட்டார்.

"மூணுதான் வச்சிருந்தேன். இப்ப நாலு இருக்கு" என்றார்.

பழுப்புக் கூட்டில் வைத்து மூடினார். என் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, புதன்கிழமை வரும்போது படிக்கிற கண்ணாடியைக் கொண்டு வா, அந்த ஆஸ்பத்திரி பிளேடு இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்.